வயதானவர்களும் குடியும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதா மாதம் மாத்திரை தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் அறுபதைக் கடந்தவர்கள். ஆனால் சீட்டைக் கொண்டுவருவது மகனோ மருமகளோதான். மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு, பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பல வீடுகள் தனித்தனியாகக் கேட்கின்றன என்பதால் எழுதி வைத்தேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்லன். எங்கள் ஊர் மருத்துவர் ஒருவர் இதைப் படித்துச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார்.

1. அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருடமாக அதே ஒரு குவார்ட்டர்தான், கூட்டவே இல்லை. இப்போது மட்டும் ஏன் தள்ளாடுகிறார்?

குவார்ட்டர் அப்படியேதான் இருக்கிறது, அப்பாவின் உடம்பு மாறிவிட்டது. வயது ஏற ஏறத் தசை கரைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, உடம்பிலுள்ள நீரின் அளவு குறைகிறது. ஆல்கஹால் பரவுவது நீரில்தான். நீர் குறைந்த உடம்பில் அதே 180 மில்லி போனால் ரத்தத்தில் அதன் அடர்த்தி கூடுதலாக இருக்கும். கல்லீரலும் முன்பு போல வேகமாக வேலை செய்வதில்லை.

மூளை வேறு முன்பைவிடச் சீக்கிரம் தடுமாறுகிறது. நாற்பது வயதில் சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்த அளவு, அறுபத்தேழில் குளியலறை வாசற்படியில் கால் இடற வைக்கிறது. ஆகவே "கூட்டவில்லையே" என்பது ஆறுதல் தரும் செய்தி அல்ல. இந்த வயதில் கூட்டாமல் இருப்பதே கூட்டியதற்குச் சமம்.

2. அப்படியானால் எவ்வளவு வரை பரவாயில்லை?

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கில் 30 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நம் நாட்டு மருத்துவர்கள் பொதுவாக இதையே ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குவார்ட்டர் ஆறு அலகு, ஒரு கட்டிங் மூன்று.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, ஆரோக்கியமான, எந்த மருந்தும் சாப்பிடாத ஒருவருக்கு வாரத்துக்கு ஏழு பானங்களுக்கு மேல் கூடாது என்று சொல்லிவந்தார்கள். அவர்கள் கணக்கில் ஒரு பானம் 14 கிராம். நம் பாட்டில் கணக்கில் பார்த்தால், வாரம் முழுவதற்கும் சேர்த்து ஒன்றரைக் குவார்ட்டரை ஒட்டி வரும். "எந்த மருந்தும் சாப்பிடாத" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். என் கடைக்குச் சீட்டு வருகிற எவருக்கும் அது பொருந்தாது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்வதற்கில்லை என்றே அறிவித்துவிட்டது.

கடையில் சிரப் அளக்கும் சிறிய பிளாஸ்டிக் கோப்பை இருக்கிறதல்லவா, 30 மில்லி வரை கோடு போட்டது? அதைச் சில வீடுகளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். "சின்ன பெக்" என்று பெரியவர் டம்ளரில் ஊற்றுவதை இதில் மாற்றி அளந்து பார்க்கச் சொன்னேன். பெரும்பாலும் கோப்பை ஒரு முறை நிரம்பி மறுமுறையும் பாதிக்கு மேல் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. மங்கிய கண்ணோடு நடுங்கும் கை ஊற்றுகிற பெக் அப்படித்தான் இருக்கும்.

3. பீர்தானே குடிக்கிறார்? அது உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்களே?

650 மில்லி பாட்டிலில் 8 சதவீத 'ஸ்ட்ராங்' பீர் என்றால் சுமார் 40 கிராம். நான்கு அலகு, அதாவது ஒரு கட்டிங்கைவிட அதிகம். 5 சதவீத பீரிலும் இரண்டரை அலகு இருக்கிறது. குளிர்ச்சி கொடுப்பது குளிர்பதனப் பெட்டி. பீர் சிறுநீரை அதிகமாக்கி உடம்பில் நீரைக் குறைக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு அந்த இரவு தூக்கமே இருக்காது.

4. யார் யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? எங்கள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

இளமையில் அதிகமாகக் குடித்தவர், இடையில் பத்து வருடம் விட்டிருந்தாலும், முதல் வரிசையில் நிற்கிறார். ரத்த உறவில் யாருக்காவது குடிநோய் இருந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை இருக்கும் இடத்தில் குடியும் சுலபமாகச் சேர்ந்துகொள்ளும். தூக்க மாத்திரைக்கோ பதற்ற மாத்திரைக்கோ ஏற்கெனவே பழகியவர்களும் இந்த வரிசையில்தான். இவை ஆளோடு வருகிற காரணங்கள்.

வாழ்க்கை கொண்டுவரும் காரணங்கள் வேறு. மனைவியோ கணவரோ இறப்பது, வேலை முடிவது, பிள்ளைகள் வெளியூர் போவது, தீராத மூட்டுவலி, காது கேட்காமல் போய்ப் பேச்சுத்துணை குறைவது, படுக்கையில் கிடக்கும் துணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பாரம், மனச்சோர்வு. இதில் காது கேளாமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திண்ணைப் பேச்சில் கலந்துகொள்ள முடியாதவர் மெல்ல மெல்ல ஒதுங்கி, ஒரு நாள் பாட்டிலோடு உட்கார்ந்துவிடுவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

பணமில்லாதவர்தான் குடித்துக் கெடுவார் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் வசதியும் ஓரளவு ஆரோக்கியமும் உள்ள முதியவர்களே அடிக்கடி குடிப்பதாகத் தெரியவந்திருக்கிறது. கையில் பணம், நிறைய நேரம், தட்டிக் கேட்க ஆளில்லை என்ற மூன்றும் சேரும் வீடு எந்த ஊரிலும் ஆபத்தான வீடுதான். மூன்றாவதுதான் மிக மோசமானது என்பது என் எண்ணம். அதை 14-ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

5. எங்கள் தாத்தா காலத்தில் இப்படி வயதானவர்கள் குடித்துப் பார்த்ததில்லையே? இப்போது மட்டும் ஏன்?

குடித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் சட்டம் வேறாக இருந்தது. 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்த்தி, 1974-ல் மீண்டும் கொண்டுவந்து, 1981-ல் மறுபடி எடுத்தார்கள். டாஸ்மாக் நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டது, 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. 1960-ல் பிறந்தவருக்கு 1981-ல் 21 வயது. அதாவது வாலிபம் தொட்டு இன்றுவரை சட்டப்படி கடை திறந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை இப்போதுதான் மூத்த குடிமக்கள் ஆகியிருக்கிறது. பழக்கம் அவர்களோடு சேர்ந்தே வயதாகிறது.

6. மாமனார் வேலையில் இருந்தவரை தொட்டதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஆரம்பித்தார். இப்படியும் நடக்குமா?

நடக்கும். குடிப்பழக்கத்தால் சிக்கலில் இருக்கும் முதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிற்காலத்தில் தொடங்கியவர்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மற்றவர்கள் இளமையிலிருந்தே தொடர்கிறவர்கள். பிற்காலத்தில் தொடங்கியவர்களின் கதையில் அநேகமாக ஓர் இழப்பு இருக்கும்.

தமிழக அரசு ஊழியருக்கு இப்போது 60 வயதில் ஓய்வு. ஒரே நாளில் பதவி, அலுவலக நண்பர்கள், காலையில் சட்டையை இஸ்திரி போடும் காரணம் எல்லாம் போகின்றன. அதே மாதம் பணிக்கொடையும் வருகிறது. பாராட்டு விழாவில் மாலை போட்டவர்களே அன்று இரவு முதல் பெக்கையும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல அலுவலகம் போய்விடுகிறார்கள். இவரோ வீட்டில் இருக்கிறார்.

ஒரு நல்ல செய்தி. இப்படித் தாமதமாகத் தொடங்கியவர்களுக்குப் பழக்கத்தின் வேர் ஆழமாக இருக்காது. இழப்பை ஈடுகட்டும் வேலை ஒன்று கிடைத்து, யாராவது நேரடியாகப் பேசினால் மீண்டு வருகிறவர்கள் நிறைய.

7. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. துக்கத்தில் குடிக்கிறார், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவைத்திருக்கிறோம். சரிதானே?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகு வருகிற மாதங்கள்தான் ஆபத்தானவை. இந்தத் தலைமுறை ஆண்கள் பலருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. மனைவியோடு சாப்பாட்டு நேரம், மாத்திரை நேரம், தூங்கும் நேரம் எல்லாமே போய்விட்டன. மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு வருடம் கழிந்தும் குடி குறையாமல், எடை இறங்கி, பேச்சும் குறைந்திருந்தால் மனச்சோர்வு என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். குடியும் மனச்சோர்வும் சேர்ந்த தனிமையான முதியவர்களிடம் தற்கொலை ஆபத்து அதிகம். பேச்சில் "போய்ச் சேர்ந்துவிடலாம்" என்ற வார்த்தை வந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

8. தூக்கம் வருவதற்காக இரண்டு பெக் போடுகிறார். தூக்க மாத்திரையைவிட அது மேல் இல்லையா?

படுத்தவுடன் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் ஆல்கஹால் உடம்பிலிருந்து வடிகிற நேரத்தில், அதாவது இரவு இரண்டு மணி வாக்கில், விழிப்பு வந்துவிடும். பிறகு புரள்வதும் சிறுநீர் கழிக்க எழுவதும்தான். குறட்டையும் மூச்சுத் திணறலும் உள்ளவருக்கு அவை இன்னும் மோசமாகும். சில வாரங்களில் இரண்டு பெக் போதாது, மூன்று வேண்டும்.

வயதானால் தூக்கம் மெலிவது இயல்பு என்பதைப் பெரியவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பகலில் இரண்டு மணிநேரம் உறங்கிவிட்டு இரவில் எட்டு மணிநேரம் எதிர்பார்க்கிறார்கள். மாத்திரையையும் பெக்கையும் ஒப்பிட்டு எது மேல் என்று கேட்பதைவிட, இரண்டையும் ஒன்றாகப் போடுகிறாரா என்று பாருங்கள். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவற்றோடு குடி சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

9. வயலில் உழைத்த உடம்பு. மூட்டுவலிக்குத்தான் குடிக்கிறேன் என்கிறார். அது பொய்யா?

பொய் இல்லை, வலி சற்று மரத்துப்போகும். தீராத வலி முதியவர்களைக் குடிக்குத் தள்ளும் பெரிய காரணங்களில் ஒன்று. ஆனால் குடிக்கிறவர் பகலில் டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரூஃபனோ வாங்கிப் போட்டுக்கொள்கிறார், இரவில் குடிக்கிறார். இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்குபவை. கறுப்பு நிறத்தில் மலம் போனால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். வலிக்குச் சரியான வைத்தியம் கிடைத்தாலே குடி பாதியாகக் குறைந்த வீடுகள் உண்டு. எலும்பு மருத்துவரிடம் முதலில் போவது தவறான வழி அல்ல.

10. குடிக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார். "இரண்டும் சேரக் கூடாது" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். விட வேண்டியது குடியை, மாத்திரையை அல்ல. ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தால் அழுத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடித்தாலும் வம்புதான். உட்கார்ந்திருந்தவர் எழும்போது அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றி விழுவார். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும் இதே வேலையைச் செய்யும்.

நான் மிகவும் பயப்படுவது சர்க்கரை மாத்திரையை நினைத்துத்தான். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை இறக்குகின்றன. இறங்கும்போது கல்லீரல் சேமிப்பிலிருந்தும் புதிதாகத் தயாரித்தும் கொடுத்துச் சமாளிக்கும். குடி அந்தத் தயாரிப்பைத் தடுத்துவிடுகிறது. இரவு உணவு சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தவருக்கு நள்ளிரவிலோ விடியற்காலையிலோ சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழறல், உளறல் வரும். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து, "தூங்கட்டும்" என்று போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். சர்க்கரை நோயாளி குடித்துவிட்டுக் குழறினால் முதலில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். எழுப்ப முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மெட்ஃபார்மினோடு அளவு மீறிய குடி சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும். தினசரி குடிப்பவருக்குப் பாராசிட்டமால்கூடக் கல்லீரலைத் தாக்கலாம். வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்றவை சாப்பிடுகிறவர் கீழே விழுந்தால் ரத்தம் சுலபத்தில் நிற்காது. மருந்து வாங்கும்போது "அவர் குடிப்பார்" என்ற ஒரு வார்த்தையை மருந்தாளுநரிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

11. தினமும் கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று படித்தேனே?

பழைய ஆய்வுகள் சில அப்படிக் காட்டின. நோயால் குடியை நிறுத்தியவர்களையும் "குடிக்காதவர்" கணக்கில் சேர்த்ததால், குடிக்காதவர்களே அதிகம் நோயுற்றவர்கள் போலத் தெரிந்தது என்பது பிறகு புரிந்தது. இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு குடியால் கூடுகிறது. இதயத்துக்காகக் குடிக்கும்படி எந்த மருத்துவரும் சீட்டு எழுதி நான் பார்த்ததில்லை.

12. மறதி, தடுமாற்றம், குழப்பம் எல்லாம் இருக்கிறது. வயதால் வந்ததா, குடியால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

வீட்டில் இருந்துகொண்டு பிரிக்க முடியாது. குடிநோய் முதியவர்களிடம் மறைந்துகொள்வதற்குக் காரணமே இதுதான். மறதி, கைநடுக்கம், பசியின்மை, எடை குறைவது, அழுக்கு வேட்டியோடு இருப்பது, எரிச்சல், அடிக்கடி விழுவது என்று குடியின் அடையாளங்கள் எல்லாமே முதுமையின் அடையாளங்களாகவும் தெரிகின்றன. இளைஞன் என்றால் வேலைக்குப் போகாததும் வண்டியை மோதியதும் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவருக்கு வேலையும் இல்லை, வண்டியும் இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். விழுந்து தலையில் அடிபட்டு, சில நாட்களோ வாரங்களோ கழித்துத் தலைவலியும் மந்தமும் ஒரு பக்கத் தளர்ச்சியும் வந்தால் மண்டை ஓட்டுக்குள் மெதுவாக ரத்தம் கசிந்திருக்கலாம். வயதான மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் அதன் மேலுள்ள சிரைகள் இழுபட்டு இருக்கும், சிறிய அடிக்கே கிழியும். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அடுத்தது, திடீர்க் குழப்பம், நடை தள்ளாட்டம், கண்ணசைவில் கோளாறு மூன்றும் அல்லது அவற்றில் ஏதேனும் ஒன்று வருவது. இது வைட்டமின் பி1 பற்றாக்குறையால் வரும் அவசர நிலையாக இருக்கலாம். ஊசி மூலம் தயமின் உடனே கொடுத்தால் மீட்கலாம், தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும்.

13. எங்கள் பெரியம்மாவிடம் லேசாக வாசம் அடிக்கிறது. பெண்களுக்கும், அதுவும் இந்த வயதில், இப்படி வருமா?

எண்ணிக்கை குறைவுதான். 2019-ல் வெளியான தேசிய ஆய்வில் 10 முதல் 75 வயதுக்குட்பட்ட ஆண்களில் 27.3 சதவீதமும் பெண்களில் 1.6 சதவீதமும் மது அருந்துவதாகத் தெரிந்தது. ஆனால் குடிக்கும் பெண்ணுக்குப் பாதிப்பு சீக்கிரம் வரும். 1-ஆம் கேள்வியில் சொன்ன நீர்க்கணக்கு பெண்களுக்கு இன்னும் பாதகமானது.

பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மருத்துவர்கூடக் கேட்கத் தயங்குகிறார். வெட்கமே பூட்டாகி விடுவதால் பெரும்பாலும் கல்லீரல் கெட்ட பிறகுதான் வெளியே வருகிறது. பெரியம்மாவிடம் பேசப் போகும் ஆள் அவருடைய வயதுக்குக் கிட்டத்தட்டச் சமமான, அவர் நம்பும் ஒரு பெண்ணாக இருக்கட்டும். குடும்பக்கூட்டம் வேண்டவே வேண்டாம்.

14. எழுபது வயதுக்கு மேல் என்ன திருத்துவது? இருக்கிறவரை சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே?

இந்தக் கேள்வியை அன்பால் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் நான் பார்த்தவரையில் முதியவரின் குடிக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. அதே வீட்டில் முப்பது வயதுப் பையன் தினமும் ஒரு குவார்ட்டர் குடித்தால் ஊரைக் கூட்டுவீர்கள். உடம்பு தாங்காத எழுபது வயதுக்காரருக்கு மட்டும் சலுகை.

சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று சற்று அருகில் போய்ப் பாருங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும் என்று பதினொன்றரைக்கே சட்டை மாட்டிக்கொண்டு நிற்பது, பேரனின் பிறந்தநாள் சாப்பாட்டில் உட்கார முடியாதது, இரவில் படுக்கையை நனைத்துவிட்டு மருமகள் முகத்தைப் பார்க்கக் கூசுவது. இடுப்பெலும்பு உடைந்தால் அதன் பிறகு பழையபடி நடக்காமலே போகிறவர்கள் ஏராளம். "இருக்கிறவரை" என்பது ஆறு மாதமாக இருக்காது, படுக்கையில் பத்து வருடமாகவும் இருக்கலாம். மனிதர் தெரிந்தே தேர்ந்தெடுத்தால் அது அவர் உரிமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 10-ஆம் கேள்வியில் உள்ளதை யாராவது அவரிடம் எடுத்துச் சொன்னார்களா? சொல்லாமல் விட்டுவிட்டு உரிமை என்று பேசுவது நியாயமில்லை.

15. வெளியே போய் விழுந்து கிடப்பதைவிட, நானே வாங்கி வந்து வீட்டில் கொடுப்பது பாதுகாப்பில்லையா?

நேர்மையான சங்கடம். விழும் ஆபத்து குறையலாம். ஆனால் மகன் வாங்கித் தரும் பாட்டிலுக்கு ஒரு அங்கீகாரம் வந்துவிடுகிறது, பெரியவரும் தன் அளவைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்.

ஒரே ஒரு சூழலில் நான் மறுக்கமாட்டேன். பல வருடங்களாகத் தினமும் குடிப்பவரை மருத்துவரிடம் கொண்டுபோகும் வரை, மருத்துவர் சொல்லி, சில நாட்களுக்கு அளவாகக் கொடுப்பது. அது ஏன் என்று அடுத்த பதிலில் தெரியும்.

16. சபரிமலைக்கு மாலை போடச் சொல்லி நாளையிலிருந்தே ஒரேயடியாக நிறுத்தவைக்கலாமா?

எப்போதாவது குடிப்பவர் என்றால் தாராளமாக. தினமும் நிறையக் குடிப்பவர், அதுவும் காலையில் கை நடுங்குகிறவர் என்றால் மருத்துவ மேற்பார்வை இல்லாமல் சட்டென்று நிறுத்த வேண்டாம். நிறுத்திய சில மணிநேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வாக்கில் இல்லாததைப் பார்ப்பது, ஆளைத் தெரியாமல் போவது, காய்ச்சல், படபடப்பு என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. முதியவர்களிடம் இந்தக் குழப்பம் நீண்ட நாள் நிற்கும். மருத்துவமனையில் மருந்து கொடுத்து, தயமின் ஏற்றி, நாடி பார்த்து நிறுத்தினால் பெரும்பாலும் பயமில்லாமல் கடந்துவிடலாம். மாலையை அதன் பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

இதோடு சேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்கோ வேறு காரணத்துக்கோ பெரியவரைச் சேர்க்கும்போது "குடிப்பாரா?" என்ற கேள்விக்கு மானத்துக்கு அஞ்சி "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அவர் ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்து கூச்சல் போடும்போது மருத்துவர்கள் பக்கவாதமா, கிருமித்தொற்றா என்று தேடி நேரத்தை இழப்பார்கள். எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது என்ற மூன்றையும் சேர்க்கும்போதே சொல்லுங்கள்.

17. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடியோ மாத்திரையோ இருக்கிறதாமே?

சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்மையானது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். தெரிந்தே சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயமே வைத்தியம். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல் குடிப்பார், இதய நோய் உள்ள முதியவர் அங்கேயே சுருண்டு விழலாம். கேட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நால்ட்ரெக்ஸோன், அகாம்புரோசேட் போன்று ஆசையைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டு மனநல மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை அவை.

18. குடிநோயா, வெறும் பழக்கமா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள்கள் சில உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் முதியவர்களுக்கென்றே உருவாக்கியதன் சுருக்கத்தில் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. வாழ்க்கையில் ஓர் இழப்புக்குப் பிறகு குடி கூடியதா, குடித்ததால் பசியில்லை என்று சாப்பாட்டைத் தவிர்த்ததுண்டா, குடித்தால் கைநடுக்கம் குறைகிறதா, பகலிலோ இரவிலோ நடந்த சில விஷயங்கள் நினைவில் இல்லாமல் போகின்றனவா, தனிமையாக உணரும்போது குடித்தால் ஆறுதலாக இருக்கிறதா, எவ்வளவு குடித்தோம் என்பதை மற்றவர்களிடம் குறைத்துச் சொல்வதுண்டா என்பவை அவற்றில் சில. பத்தில் இரண்டுக்கு "ஆமாம்" வந்தாலே மருத்துவரிடம் பேச வேண்டும் என்பது கணக்கு. போலீஸ் விசாரணை போலக் கேட்காமல், காலை காபியின்போது ஒவ்வொன்றாகப் பேச்சில் கலந்து கேளுங்கள். மாலையில் கேட்டுப் பயனில்லை.

19. எங்கே கூட்டிப்போவது? "நான் என்ன குடிகாரனா?" என்று வர மறுக்கிறார்.

அந்தச் சொல்லோடு போனால் வரமாட்டார். தூக்கம், சர்க்கரை, கால் எரிச்சல் என்று அவரே புகார் சொல்லும் ஏதாவது ஒன்றுக்காக வழக்கமான மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், குடி விவரத்தை முன்கூட்டியே மருத்துவருக்குத் தெரிவித்துவிடுங்கள். "உங்கள் கல்லீரல் சோர்ந்திருக்கிறது, மூன்று மாதம் நிறுத்திப் பார்ப்போம்" என்று வெள்ளைக்கோட்டு போட்டவர் சொன்னால் கேட்கிற பெரியவர்கள் அதிகம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் இலவசச் சிகிச்சை கிடைக்கும். சென்னையில் 1980-லிருந்து இயங்கும் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இதற்கென்றே உள்ள பழைய மையம். போதை மீட்பு உதவிக்கு 14446, மூத்த குடிமக்களுக்கு 14567. குடியை விட முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமில்லை, தமிழிலும் நடக்கின்றன. சிகிச்சைக்கு ஒப்புக்கொண்ட முதியவர்கள் இளைஞர்களுக்குச் சற்றும் குறையாமல் மீள்கிறார்கள், சில ஆய்வுகளில் இன்னும் நன்றாகவே.

20. பென்ஷன் வந்ததும் குடித்துத் தீர்க்கிறார். ஏடிஎம் கார்டை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

அவர் சம்மதித்தால் செய்யலாம். மளிகைக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, கைச்செலவுக்கு இவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிடுங்கி வைத்தால் அது அவர் பணம், அவர் புகார் கொடுக்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. அதைவிட, கார்டைப் பிடுங்கிய வீட்டில் அவர் கடனுக்குக் குடிப்பார், கடன் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

21. நான் துபாயில் இருக்கிறேன். அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். போனில் பேசினால் நன்றாகத்தான் இருக்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிநாட்டிலிருப்பவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை காலையிலோ ஞாயிற்றுக்கிழமை மதியமோ கூப்பிடுகிறார்கள், அந்த நேரத்தில் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். ஒரு வாரம் நம் நேரப்படி இரவு எட்டரைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். போனை எடுக்காமல் விடுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, நேற்றுப் பேசியது மறுநாள் நினைவில்லாதது ஆகியவை கவனிக்க வேண்டியவை. வீடியோவில் பேசும்போது முகத்தோடு கையையும் பாருங்கள், புதிய சிராய்ப்பு தெரியும். சமைத்துப்போட வரும் அம்மாவிடம், இரவுச் சாப்பாடு காலையில் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், குடியைப் பற்றிக் கேட்க வேண்டாம். மாத்திரை வாங்கும் கடைக்கும் ஒரு போன் போடுங்கள். முப்பது நாள் மாத்திரை ஐம்பது நாள் வந்தால் இடையில் என்ன நடந்தது என்று யோசிக்கலாம்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது கல்லீரல் பரிசோதனையும், குடியால் கூடக்கூடிய ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியின் அளவும் சேர்த்துப் பார்க்கும்படி அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை மருத்துவர் முதலில் அப்பாவிடமே சொல்லட்டும். துபாய்க்கு முதலில் போய்விட்டது என்று தெரிந்தால், அடுத்த முறை அவர் ரத்தம் கொடுக்கவே வரமாட்டார்.